பட்டறைக்குத் திரும்பிப் போகிற பிள்ளைக்கு

சம்பத்,

இந்தக் கடுதாசியை இப்போ உனக்குப் படிச்சுக் காட்டிண்டிருக்கறது சாதிக்தான்னு எனக்குத் தெரியும். அரியமங்கலத்துப் பட்டறையில உன்னோட வேலை பண்றவாள்ள வேற யார் இருக்கா? அதனால முதல்ல அவனுக்கு ஒரு வார்த்தை. சாதிக், நான் பேசற மாதிரியேதான் எழுதியிருக்கேன். ஆபீஸ் தமிழ்ல ஆரம்பிச்சா 'மேற்படி விஷயமாக'ன்னு போயிடும். வயசெல்லாம் தாலுகா ஆபீஸ்ல குப்பை கொட்டின கை இது. உன் வாயில ஸ்ரீரங்கத்து 'அவா இவா' வரும்போது பட்டறையில எல்லாரும் சிரிப்பா. சிரிச்சுட்டுப் போகட்டும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நடுவுல உன்னைப் பத்தியும் வரும். அந்த இடம் வந்தா தாண்டிப் போயிடாதே, முழுங்கிடாதே. இருக்கறதை இருக்கற மாதிரியே படி.

சம்பத், நீ ஆத்தை விட்டுக் கிளம்பிப் போனதுலேர்ந்து உன் அம்மா என்னோட பேசறதில்லை. காப்பியை டக்குனு வைக்கிறாள், போறாள். நீ சாதிக் மூலமா சொல்லியனுப்பினது வந்தது. "கை ஆறிடுத்து. முதலாளி மறுபடி மிஷின்ல உக்கார வைக்கணும்னா அப்பா நேர்ல வந்து சரின்னு சொல்லணுமாம். அப்பாவுக்கு இஷ்டம் இருந்தா வரட்டும், இல்லேன்னா விட்டுடச் சொல்லு." இவ்வளவுதான் நீ சொன்னது. நான் இன்னும் வரலை. பதிலும் அனுப்பலை. பிடிவாதம்னு நீ நினைச்சுண்டிருப்பே, பாதி நிஜம். மீதி என்னன்னு சொல்லத்தான் உக்காந்திருக்கேன். நேர்ல சொன்னா நான் கத்துவேன், நீ வாயை மூடிண்டுடுவே. அதான் நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச வித்தை ஆச்சே.

உனக்கு நாலு வயசுல அம்மை போட்டுக் கண்ணு போச்சு. அதைப் பத்தி எழுதப் போறதில்லை, எழுதினா உன் அம்மா இன்னும் ஒரு மாசம் பேசமாட்டாள். அப்புறம் வீதியில இருந்தவா எல்லாம் வந்து என்ன சொன்னா தெரியுமா? "பெருமாள் கண்ணை எடுத்துண்டா சாரீரத்தைக் கொடுப்பார் ஓய். பிள்ளையைப் பாட்டுல விடும்." ஒருத்தர் மட்டும் சொல்லலை, எல்லாரும் சொன்னா. கோயில்ல சேவிக்கப் போனா அங்கேயும் அதே பேச்சு. நானும் நம்பினேன். நம்பாம என்ன பண்றது? முழுகறவனுக்குக் கையில அகப்பட்டது எதுவோ அதுதான் கட்டை. கண்ணு தெரியாத பிள்ளைக்கு சங்கீதம்னு எவனோ எழுதி வச்சுட்டான், நான் உன்னைக் கையைப் பிடிச்சு இழுத்துண்டு போய் பாகவதர் ஆத்துல உக்காத்தி வச்சேன். உனக்குப் பாட்டு வேணுமான்னு ஒரு வார்த்தை கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. தோணியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்னு நினைக்கிறேன்.

நீ என்ன பண்ணினே? பாகவதர் ஆத்துக்கு ரெண்டு ஆம் தள்ளி மாவு மிஷின் ஒண்ணு ஓடித்து, ஞாபகம் இருக்கோ? அவர் 'ஸ' பிடின்னா நீ அந்த மிஷின் போடற 'ஸ'வைப் பிடிச்சே. "சுருதி சேர்ந்துதான் இருக்கு, ஆனா என்னோட இல்லை, மாவு மிஷினோட சேர்ந்திருக்கு"ன்னு அவர் தலையில அடிச்சுண்டார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னும் சொன்னார். அவரும் எத்தனை நாள்தான் பொறுப்பார். உன் அம்மா அரிசி அரைக்கப் போனா நீயும் புடவைத் தலைப்பைப் பிடிச்சுண்டு போவே. மிஷின்காரன் சுவர்ல உள்ளங்கையை வச்சுண்டு நிப்பே. ஒரு நாள் "மாமா, பெல்ட்டு நழுவப் போறது"ன்னு சொன்னியாம், அவன் சிரிச்சானாம், சிரிச்சு முடிக்கறதுக்குள்ள பெல்ட்டு கழண்டு விழுந்துதாம். உன் அம்மா ஓடி வந்து பெருமையா சொன்னாள். நான் "மாவு மிஷின்ல என்னடி பெருமை"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

மார்கழி பஜனையில உன்னை முதல் தடவை மேடையேத்தினேனே, அதை எப்படி மறப்பேன். ஜரிகை வேஷ்டி, நெத்தியில பளிச்சுனு திருமண். ஊரே உக்காந்திருக்கு. ரெண்டு வரி பாடினே, நிறுத்தினே. மறந்து போச்சு போலிருக்குன்னு நான் கீழேர்ந்து எடுத்துக் கொடுக்கறேன். நீ மைக்குலயே, "அப்பா, இதுல கர்ர்னு சத்தம் வரது, ஒயர் எங்கேயோ லூஸா இருக்கு"ன்னுட்டே. கூட்டம் கொல்லுனு சிரிச்சுது. நீ அதைப் பத்திக் கவலையே படாம மைக்கைக் கழட்டித் திருகி மறுபடி மாட்டினே. சத்தம் நின்னு போச்சு. உன் மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். அந்த மூஞ்சியைப் பார்த்துட்டும் நான் அதுக்கப்புறம் ஆறு வருஷம் உன்னைப் பாட்டுக்கு அனுப்பினேன்.

படிப்பெல்லாம் முடிஞ்சு, நீ ஆத்துல சும்மா உக்காந்திருந்த காலம் ஒண்ணு இருந்தது. காவேரியில அந்தப் பெரிய வெள்ளம் வந்து வடிஞ்சதுக்கு அடுத்த வருஷம். சும்மான்னா சும்மாதான். டிரான்சிஸ்டரைப் பிரிப்பே, மாட்டுவே. அப்போதான் டவுன்லேர்ந்து அந்த சோஷியல் வொர்க்கர் பொண்ணு வந்தாள், ஸ்டெல்லா. வெள்ளைக் காட்டன் புடவை, கழுத்துல சின்னச் சிலுவை. வந்து உக்காந்தவள் உன்னைப் பார்த்து, "உங்களுக்கு என்ன பண்ணணும்னு ஆசை?"ன்னு கேட்டாள். நம்மாத்துல உன்னை யாரும் 'நீங்க'ன்னு சொன்னதில்லை, அதனால என்னைத்தான் கேக்கறாள்னு நான் பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். "பாட்டு வாத்தியார் வேலை ஏதாவது கிடைச்சா தேவலை." அவள் என் பக்கம் திரும்பி, "சார், நான் அவரைக் கேட்டேன்"ன்னாள். குரல்ல கோபம் ஒண்ணும் இல்லை. உன் அம்மா உள்ளேர்ந்து, "அவனுக்கு வேலை எதுக்கும்மா, நாங்க இருக்கற வரைக்கும் பாத்துக்கறோம்"னாள். "அம்மா, அவரே சொல்லட்டும்."

நீ சொல்லலை. எவ்வளவு நேரம்! காப்பி ஆறி ஆடை கட்டிடுத்து. வாசல்ல கறிகாய்க்காரி கூவிண்டு போய்த் திரும்பியும் வந்துட்டாள். எனக்குத் தாங்கலை. யாராவது என் பிள்ளையைக் கேள்வி கேட்டு அவன் பேசாம இருந்தா, அந்த மௌனத்தை நான்தான் ரொப்பணும்னு எனக்கு ஒரு வியாதி. பஸ்ல, கல்யாணத்துல, டாக்டர்கிட்ட, எல்லா இடத்துலயும் அப்படித்தான் ரொப்பியிருக்கேன். மறுபடி வாயைத் திறந்தேன். "கொஞ்சம் இருங்க சார்"னு அவள் கையைக் காட்டினாள். அப்புறம் நீ சொன்னே. "மிஷின்ல வேலை பண்ணணும். இரும்பு வேலை. லேத்துப் பட்டறையில." நான் சிரிச்சேன், சம்பத். வாய் விட்டுச் சிரிச்சேன். உன் முகம் சுருங்கினது எனக்குத் தெரிஞ்சுது, அப்பவும் சிரிப்பை நிறுத்தலை.

ஸ்டெல்லா சிரிக்கலை. எந்த மாதிரி மிஷின், எங்க கேட்டிருக்கீங்க, எதுக்கு பயமா இருக்கு, முதல்ல தனியா எது செஞ்சு பழகணும்னு நினைக்கறீங்க, யார் கூட இருந்தா நல்லா இருக்கும்னு ஒண்ணொண்ணா கேட்டாள். நீ தயங்கித் தயங்கி எல்லாத்துக்கும் பதில் சொன்னே. "பட்டறைக்குத் தனியா பஸ்ல போகணும், அப்பா கையைப் பிடிக்காம"ன்னு நீ சொன்னப்போ என்னமோ பண்ணித்து எனக்கு. இருபது வருஷமா என் கையைப் பிடிச்சுண்டு வந்தது உனக்கு ஒரு பாரம்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கிளம்பும்போது அவகிட்ட, "இதெல்லாம் நடக்கற காரியமாம்மா?"ன்னு கேட்டேன். "நடக்குமான்னு எனக்கும் தெரியாது சார். அவர் சொன்னதுலேர்ந்து ஆரம்பிப்போம்"னாள். தெரியாதுன்னு சொல்லிண்டு என் பிள்ளையைக் கிளப்பி விடறாளேன்னு வயிறு எரிஞ்சுது.

நீ முதல் தடவை தனியா பஸ் ஏறின அன்னிக்கு நான் என்ன பண்ணினேன்னு உனக்குத் தெரியும். ஆனாலும் சாதிக்குக்குத் தெரியாது, அவன் கேக்கட்டும். கேளு சாதிக். ஒண்ணாம் நம்பர் பஸ்ல முன்னாடி இவன் ஏறினான், நான் பின்னாடி படி வழியா ஏறி, கூட்டத்துல ஒளிஞ்சுண்டு நிக்கறேன். மூச்சு விடாம வரேன். ஜன்னல் பக்கம் கூடத் திரும்பலை, இவன் முதுகையே பார்த்துண்டு வரேன். காவேரிப் பாலம் தாண்டினதும் இவன் திரும்பியே பார்க்காம, பஸ் முழுக்கக் கேக்கற மாதிரி, "அப்பா, டிக்கெட் வாங்கியாச்சா? இல்ல நான் ரெண்டா வாங்கட்டுமா?"ன்னான். மூக்குப்பொடி! சனியன் பிடிச்ச மூக்குப்பொடி வாசனை காட்டிக் குடுத்துடுத்து. கண்டக்டரே சிரிச்சுட்டான். நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி அடுத்த பஸ்ல திரும்பி வந்துட்டேன். உன் அம்மாகிட்ட தலைவலின்னு சொன்னேன், சம்பத்.

ஸ்டெல்லா பட்டறை பட்டறையா ஏறி இறங்கினாள். கடைசியில அரியமங்கலத்துல இந்த முதலாளி ஒத்துண்டார். பெரிய பாய்லர் கம்பெனிக்கு இரும்புத் தகடும் வளையமும் பண்ணிக் குடுக்கற சின்னப் பட்டறை. டிரில்லிங் மிஷின்ல ஓட்டை போடற வேலை. தகடு தானா சரியான இடத்துல போய் உக்காரற மாதிரி ஒரு கட்டை செஞ்சு வச்சுட்டா கண்ணு வேண்டாம், கை போதும்னு சொன்னது சாதிக்தான். நான் ஒரு நாள் பார்க்க வந்தேன். எண்ணெய், கரி, காதைப் பிளக்கற சத்தம். நம்ம வம்சத்துல கோயில் கைங்கர்யம் பண்ணினவா இருக்கா, கணக்கு எழுதினவா இருக்கா, கையில கரி பூசிண்டவா யாரும் இல்லை. எனக்கு அழுகை வந்துது. நீ டிரில்லை இறக்கிண்டே, "அப்பா, இதோட கொரலைக் கேளுங்கோ. முனை மழுங்கினா கொரல் மாறும். இவாளுக்கெல்லாம் உடைஞ்சப்பறம்தான் தெரியும், எனக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்"னே. அந்தக் காலத்து மேடை, அந்த மைக்கு, அந்த மூஞ்சி. அதே மூஞ்சி.

உன் அம்மா உன்னோட காக்கிச் சட்டையைத் தோய்ச்சு வாசல் பக்கம்தான் உலர்த்துவாள், கொல்லையில இல்லை. எண்ணெய்க் கறை போகாத சட்டை. தெருவே பார்க்கட்டும்னு. நான் அதை எடுத்துக் கொல்லையில போடுவேன், அவள் மறுபடி வாசலுக்குக் கொண்டு வருவாள். எங்க ரெண்டு பேருக்கும் நடந்த பெரிய யுத்தம் அது. ரெண்டு மூணு வருஷம் இப்படிப் போச்சு. சாயங்காலம் நீ வர நேரம் ஆச்சுன்னா எனக்குக் கால் தானா வாசலுக்குப் போயிடும். தடியோட சத்தம் முக்குல கேட்டாத்தான் மூச்சு வரும், உடனே உள்ளே ஓடி பேப்பரைப் பிரிச்சுண்டு உக்காந்துப்பேன். அதுவும் உனக்குத் தெரிஞ்சிருக்கும். எதுதான் தெரியாது உனக்கு.

அப்புறம் அந்த நாள். பட்டறையிலேர்ந்து ஆள் வந்து சொன்னான், கையில அடின்னு. பெரியாஸ்பத்திரிக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன்னு எனக்கே தெரியாது. தகடு வெட்டற பிரஸ் மிஷின், வலது கை ஆள்காட்டி விரல், மேல் கணுவோட போச்சு. ஒருத்தனுக்கு விரல் போனா விரல்தான் போச்சு. உனக்கு? நீ பிரெயில் குத்தெழுத்தைத் தடவிப் படிக்கற விரல் அதுன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டாந்தடவை என் பிள்ளைக்குக் கண்ணு போன மாதிரி இருந்தது எனக்கு. வராண்டாவுல சாதிக் சட்டையெல்லாம் ரத்தமா நின்னுண்டிருந்தான். நான் அவன் காலரைப் பிடிச்சேன். "நீதாண்டா என் பிள்ளையை அந்த மிஷின்ல உக்காத்தி வச்சே, கண்ணு தெரியாதவனைப் பலி குடுத்துட்டேயேடா பாவி"ன்னு கத்தினேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன். அவன் ஜாதி, மதம், எல்லாத்தையும் இழுத்தேன். ஆஸ்பத்திரியே வேடிக்கை பார்த்துது. சாதிக், நீ "உள்ள போங்க ஐயா, அவரு உங்களைத்தான் கேட்டுக்கிட்டிருந்தாரு"ன்னு மட்டும் சொன்னே. என் கையை விலக்கினப்போதான் பார்த்தேன், உன் கையில சுண்டு விரல் இல்லை. அது என்னிக்குப் போச்சுன்னு நான் கேட்டதில்லை. எத்தனை தடவை நம்மாத்துக்கு இவனைக் கொண்டு வந்து விட்டிருக்கே, வாசல்ல நிக்க வச்சே அனுப்பியிருக்கேன், அந்தக் கையில தீர்த்தம் வாங்கிக் குடிச்சிருக்கே, நான் பார்த்ததில்லை. தப்புடா குழந்தே. உன் வாயாலேயே உனக்கு இதைச் சொல்ல வைக்கறேன், அதுவும் தப்புதான். எனக்கு வேற வழி தெரியலை.

உள்ள வந்தா நீ கட்டில்லேர்ந்து சொன்னது: "அப்பா, அவனை ஏன் திட்டறேள்? பிரஸ்ல நான்தான் கேட்டு உக்காந்தேன். ஒரே ஓட்டை போட்டுப் போட்டு அலுத்துப் போச்சு, புதுசா கத்துக்கணும்னு நான்தான் கேட்டேன். தகடு மாட்டிண்டுது, கையை உள்ளே விட்டது நான். சுவிட்சை அணைச்சது அவன். இல்லேன்னா கையே போயிருக்கும்." எனக்கு அப்போ கோபத்தை யார் மேல திருப்பறதுன்னே தெரியலை. யாராவது ஒருத்தன் கெடுத்தான்னா தேவலையா இருந்திருக்கும். நீயே ஆசைப்பட்டு, நீயே கேட்டு, நீயே கையை விட்டேன்னா நான் யாரை அடிக்கறது?

ஆத்துக்கு வந்தே. கட்டுப் போட்ட கையோட ஊஞ்சல்ல உக்காந்துண்டு, மடியில அந்தப் பெரிய புஸ்தகத்தை வச்சுண்டு, இடது கை விரலால தடவித் தடவி எழுத்துக் கூட்டினே. முதல் வகுப்புக் குழந்தை மாதிரி ஒரு வரிக்கு எத்தனை நேரம்! நான் பேப்பர் படிச்சுக் காட்டினேன். சாதம் பிசைஞ்சு குடுத்தேன். ஒரு நிஜத்தைச் சொல்றேன், கேட்டுக்கோ. அந்த நாள்கள்ல உன் அம்மா அழுதாள், நான் அழலை. எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்தது. பிள்ளை ஆத்துல இருக்கான், சாயங்காலம் தடிச் சத்தத்துக்குக் காத்துண்டு நிக்க வேண்டாம். அவ்வளவு அல்பமான நிம்மதி. பெத்த மனம் பித்துன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். உன் அம்மாவும் பெத்தவள்தானே, அவளுக்கு அப்படி இல்லையே.

கை ஆறினதும் நீ போறேன்னே. அப்போதான் முதலாளி சொல்லியனுப்பினார். "கண்ணு தெரியாத பையன். நாளைக்கு இன்னொண்ணு ஆச்சுன்னா ஊரு என்னைத்தான் கேக்கும். அவங்க அப்பா வந்து என் முன்னால சரின்னு சொல்லட்டும், மறுபடி மிஷின்ல விடறேன்." அவர் பயம் அவருக்கு, நியாயம்தான். நான் சரின்னு சொல்ல மாட்டேன்னேன். நீ கத்துவேன்னு பார்த்தேன், கத்தலை. "அப்பா, சாதிக்குக்கு விரல் போச்சு. முதலாளிக்கே ரெண்டு விரல் மொண்ணை. அந்தப் பட்டறையில பத்து விரலோட இருக்கறவாளை விரல் விட்டு எண்ணிடலாம். அவாளுக்கெல்லாம் கண்ணு இருக்கு. அவாள்ள ஒருத்தரையாவது அப்பாவைக் கூட்டிண்டு வான்னு சொன்னாளா? எனக்கு இருபத்தாறு வயசு ஆறது"ன்னே. பதில் இல்லாதவன் என்ன பண்ணுவானோ அதைப் பண்ணினேன். "இந்த ஆத்துல நான் இருக்கற வரைக்கும் நடக்காது"ன்னு கத்தினேன். நீ எழுந்து தடியைத் தேடினே. உன் அம்மா ஏற்கெனவே உன் துணியையெல்லாம் பையில மடிச்சு வச்சிருந்தாள். "என்னடி இது"ன்னேன். "அவன் கேட்டான், எடுத்து வச்சேன். தோளுக்கு மேல வளர்ந்தா தோழன்னு ஊருக்கெல்லாம் சொல்வேளே"ன்னாள். அவ்வளவுதான் அவள் கடைசியா பேசினது.

நான் ஸ்டெல்லாகிட்ட போனேன். நீங்க சொன்னா கேப்பான், வேற ஏதாவது ஒக்காந்து பண்ற வேலையா பாருங்கோன்னு கெஞ்சினேன். அவளுக்கும் இப்போ காதோரம் நரைச்சிருக்கு. "எனக்கும் பயமாத்தான் இருக்கு சார். அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு ராத்திரி முழுக்கத் தூங்கலை. ஆனா அவருக்குப் பதிலா நான் ஆசைப்பட முடியாது. உங்க பயத்தை அவர்கிட்டயே சொல்லுங்க"ன்னாள். எல்லாம் தெரிஞ்சவள்னு நினைச்சுப் போனேன். அவளும் என்னை மாதிரி கையைப் பிசைஞ்சுண்டுதான் உக்காந்திருக்காள்.

போன வாரம் நான் அரியமங்கலம் வந்தேன், சம்பத். உனக்குத் தெரியாது, ஏன்னா அன்னிக்கு மூக்குப்பொடி போடலை. எதிர் டீக்கடையில நின்னேன். உள்ள மிஷின் ஓடிண்டிருந்தது. நீ பட்டறை வாசல்ல பலகையில உக்காந்து, அரத்தால தகட்டுப் பிசிறைத் தேய்ச்சிண்டிருந்தே. அதுக்குத்தான் விட்டிருக்கா போலிருக்கு. நடுவுல கையை நிறுத்திட்டு, தலையைச் சாய்ச்சு உள்ள ஓடற சத்தத்தைக் கேட்டே. திடீர்னு எழுந்து உள்ளே பார்த்து, "மூணாவது மிஷின் முனை போச்சு, நிறுத்துங்க!"ன்னே. யார் காதிலும் விழலை. கொஞ்ச நேரத்துல உள்ளேர்ந்து யாரோ கெட்ட வார்த்தை சொல்லி மிஷினை நிறுத்தினா. உடைஞ்சிருக்கும். நீ மறுபடி உக்காந்துண்டே. நான் டீயை அப்படியே வச்சுட்டேன். வந்து உன் தோளைத் தொட்டிருக்கலாம். தொட்டா நீ ஆத்துக்கு வாடான்னு கூப்பிட வந்திருக்கேன்னு நினைப்பே. அதுவும் நிஜமாத்தான் இருந்திருக்கும்.

நீயே படிக்கற மாதிரி இதைக் குத்தெழுத்துல எழுதணும்னு பார்த்தேன். உன் பழைய பலகையும் ஊசியும் இங்கேதான் இருக்கு. வலத்துலேர்ந்து இடமா, எல்லாத்தையும் திருப்பித் திருப்பிக் குத்தணும். 'சம்பத்'துங்கற பேரைக் குத்தறதுக்கே ஒரு மத்தியானம் ஆச்சு, அதையும் உன் அம்மா தடவிப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினாள். உனக்கு ஒரு கடுதாசி எழுதக்கூட வக்கில்லாத அப்பன் நான். உனக்கு என்ன வேணும்னு திட்டம் போட்டதெல்லாம் நான்தான், ஒண்ணாவது உனக்கு ஆகி வந்துதா? பாட்டும் ஆகலை. நான் சிரிச்சேனே, அதுதான் ஆச்சு.

திங்கட்கிழமை காலம்பற வரேன். முதலாளி என்னைக் கேப்பார். நான் சரின்னா அது நான் குடுத்த அனுமதி ஆயிடும், மாட்டேன்னா நான் போட்ட தடை ஆயிடும். ரெண்டும் வேண்டாம். "இருபத்தாறு வயசு ஆம்பளை, உங்க முன்னாடியே நிக்கறான். என்னைக் கேக்காதேங்கோ, அவனைக் கேளுங்கோ"ன்னு சொல்லப் போறேன். அந்த மனுஷனுக்குக் கோபம் வரலாம். இதென்ன பேச்சுன்னு ரெண்டு பேரையும் வெளியே போன்னு சொல்லலாம். அப்படிச் சொன்னா அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியாது. அவர் உன்னைக் கேட்டா, நீ உடனே பதில் சொல்ல மாட்டே, எனக்குத் தெரியும். அந்த மௌனத்துல நான் வாயைத் திறக்காம நிக்கணும். பெருமாள்தான் என் நாக்கைக் கட்டணும்.

நீ உள்ள போனப்பறம் நான் எதிர் டீக்கடையில நிப்பேன். எனக்கு பயமாத்தான் இருக்கும், பிரஸ் இறங்கற ஒவ்வொரு சத்தத்துக்கும் பட்டறை வாசலை எட்டிப் பார்ப்பேன். மறைக்க மாட்டேன். மூக்குப்பொடி போட்டுண்டே வரேன்.

அப்பா